அக்கா மூணாவது குரூப் கேட்ட வருஷம்

நம் வயதுப் பெண்களே, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டுதான் இதைப் படிக்கப் போகிறீர்கள். நானும் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டுதான் எழுதுகிறேன். போன மாதம் என் கடைசி மகள் பத்தாவது முடித்தாள். ரிசல்ட் வந்து டீ ஆறுவதற்குள், "அம்மா, நான் மேத்ஸ் கம்ப்யூட்டர் குரூப்னு டீச்சருக்கு மெசேஜ் போட்டுட்டேன்" என்றாள். என்னைக் கேட்கவில்லை, சொன்னாள். அவ்வளவுதான். தலையணையில் சாய்ந்து வேறு எதையோ பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்ச் சும்மா நின்றேன். எங்கள் வீட்டில் இதே காரியத்துக்காக ஒரு மே மாதம் முழுவதும் சோறு இறங்காமல் இருந்தது. அது என் அக்காவின் மே மாதம். எனக்கு அப்போது அக்காவின் தோள் உயரம்கூட இல்லை. ஆனால் அந்த வெயிலின் நிறம்கூட இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

எங்கள் ஊர், ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில், பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் கண்ணாடியை இறக்கி மூடுகிற ஊர்களில் ஒன்று. தோல் பதனிடுகிற இடத்தை நாங்கள் ஷாப்பு என்போம். சுண்ணாம்பும் பட்டையும் மீன் எண்ணெயும் கலந்த அந்த வாசம் வெளியூர்க்காரர்களுக்குக் குமட்டும். எங்களுக்கோ ஒரு நாள் காற்றில் அது இல்லையென்றால்தான் பயம். ஷாப்பு ஓடவில்லை என்று அர்த்தம். வீட்டுக்குள் தமிழ், தெருவில் உருது, இரண்டிலும் சண்டை போடத் தெரிந்துதான் நாங்கள் வளர்ந்தோம்.

எங்கள் தகப்பனார், நாங்கள் அத்தா என்போம், ஷாப்பில் தரம் பிரிக்கிறவர். பதனிட்டு, சாயம் ஏற்றி, காய்ந்து வருகிற ஆட்டுத்தோலை ஒவ்வொன்றாக மேஜைமேல் விரித்து, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட், ரிஜெக்ஷன் என்று அடுக்கடுக்காகப் போட வேண்டும். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலுக்கு எதிரே அவர் மேஜை. நேர் வெயில் விழாத அந்த வெளிச்சத்தில்தான் தோல் பொய் சொல்லாது என்பார். ஆடு முள்வேலியில் உரசியிருந்தாலும், உண்ணி கடித்து ஆறியிருந்தாலும், உரித்தவன் கத்தி கொஞ்சம் ஆழமாகப் போயிருந்தாலும் அவருடைய கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடும். அந்த விரலில் ரேகையே கிடையாது. ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கும். எனக்குக் காய்ச்சல் வந்தால் அதைத்தான் நெற்றியில் வைத்துப் பார்ப்பார். குளுகுளுவென்று இருக்கும்.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. போர்வை வாங்கினால் தடவுவார், "செகண்டு." ரொட்டியை மடித்துப் பார்ப்பார், "இன்னிக்கு ஃபர்ஸ்டு." ஆலங்காயம் பக்கமிருந்து மாம்பழம் கொண்டுவருகிற கூடைக்காரிக்கு அவரைக் கண்டாலே கோபம் வரும். "வாங்குனா வாங்குங்க பாய், பழத்துக்கெல்லாம் மார்க் போடாதீங்க" என்பாள். ஒரு நாள் அம்மா, வெற்றிலையை மடித்தபடி கேட்டார்: "இன்னாங்க, என்னக் கட்டிக்கினு வந்தப்ப இன்னா தரம்னு வச்சீங்க?"

அத்தா யோசிக்கவே இல்லை. "அன்னிக்கு வெளிச்சம் பத்தல" என்றார். அம்மா அந்த வெற்றிலையாலேயே அவரை அடித்தார்.

இப்படிப்பட்ட வீட்டில், அக்காவுக்குப் பத்தாவது ரிசல்ட் வந்தது. பெண்கள் பள்ளியில் அவள்தான் முதல். கணக்கில் அவளைத் தாண்ட ஆளே இல்லை. அக்கா கணக்குப் போடுவதை நான் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். எனக்குப் புரியாது. ஆனால் அவள் முகம் தொழுகையில் இருக்கிறவர்கள் முகம் மாதிரி அமைதியாகிவிடும். ஒரு தகரக் காம்பஸ் பெட்டி வைத்திருந்தாள். மூடியில் இருந்த மயில் படம் தேய்ந்துபோய் வெறும் கொண்டை மட்டும் மிச்சம். திறந்தால் பென்சில் சீவிய மரவாசம் வரும். அதைத் தொட எனக்கு அனுமதி இல்லை.

அந்தக் காலத்தில் குரூப் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணக்கும் பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் ஃபர்ஸ்ட் குரூப். உடம்பு, செடி கொடி படிப்பது செகண்ட் குரூப். காமர்ஸ், அக்கவுண்ட்ஸ் எல்லாம் தேர்ட் குரூப். பெயரைக் கேட்டதும் அத்தாவுக்கு வேறு விளக்கமே வேண்டியிருக்கவில்லை. வாழ்நாள் முழுக்கத் தோலை எப்படிப் பிரித்தாரோ அப்படித்தான் பள்ளிக்கூடமும் பிள்ளைகளைப் பிரித்து அடுக்குகிறது என்று எடுத்துக்கொண்டார். குறையில்லாத பிள்ளை ஃபர்ஸ்ட், கொஞ்சம் கீறல் இருந்தால் செகண்ட், மிச்சம் தேர்ட். மறுநாளே ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிப் போய் ஷாப்பு முழுக்கக் கொடுத்துவிட்டு வந்தார். "எம் பொண்ணு ஃபர்ஸ்ட் குரூப்பு" என்று ஊறல் தொட்டியில் நிற்கிறவர்கள் வாயில்கூட ஊட்டிவிட்டாராம்.

மாமா, அம்மாவின் தம்பி, ஷூ கம்பெனி ஆபீஸில் டைப் அடிக்கிறவர். அவரும் வந்து ஒத்துப் பாடினார். "ஆமா மச்சான், ஃபர்ஸ்ட் குரூப்தான். தேர்ட் எடுத்தா என்ன மாரி காலம் பூரா மிஷினத் தட்டிக்கினு கிடக்கணும்."

அக்கா மட்டும் தின்னவில்லை. மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். அது உருகி விரலில் ஒட்டியது.

அந்த வாரம் அம்மா எங்கள் இருவரையும் பக்கத்து ஊரிலிருந்த பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார். பெருநாளுக்கு இரவல் வாங்கிய டேக்சாவை, அதுதான் பிரியாணிப் பாத்திரத்தை, திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினோம். பெரியம்மா வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்பே அக்கா, "இறங்கு" என்றாள். ஏன் என்று கேட்பதற்குள் பஸ் போய்விட்டது. எதிரே பெரிய கேட். பெண்கள் கல்லூரி.

லீவு காலம். ஆளே இல்லை. புங்கமரத்து நிழல் தரையில் தண்ணீர் மாதிரி அசைந்துகொண்டிருந்தது. ஆபீஸ் அறையில் ஒரே ஒரு அம்மாள் மின்விசிறிக்குக் கீழே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எங்களையும் டேக்சாவையும் பார்த்தார்.

"இன்னாம்மா, பிரியாணி போட வந்தீங்களா?"

அக்கா சிரிக்கவில்லை. "மேடம், இங்க இன்னா இன்னா டிகிரி இருக்குது?"

"பி.ஏ. இருக்குது, பி.காம் இருக்குது."

"பி.எஸ்ஸி. மேத்ஸ்?"

"அதெல்லாம் இல்லம்மா. சயின்ஸ் பக்கமே இல்ல. லேப் கட்டணும்."

"எப்போ கட்டுவாங்க?"

"கட்டுவாங்க, கட்டுவாங்க. நான் வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து கட்டப்போறாங்க." கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டார்.

"ஃபர்ஸ்ட் குரூப் படிச்சிட்டு வந்தா பி.காம் குடுப்பீங்களா?"

"தேர்ட் குரூப் பொண்ணுங்களுக்கே இங்க எடம் பத்தல. மத்தவங்கள கடைசியாத்தான் பாப்பாங்க. உனக்கு மேத்ஸ்தான் வேணும்னா வேலூர் போ, மெட்ராஸ் போ. ஹாஸ்டல் இருக்குது. பசங்களும் படிப்பாங்க, அவ்ளோதான்."

அக்கா நன்றி சொன்னாள். பானையில் தண்ணீர் குடித்தோம். வெளியே வரும்போது ஒரு வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவள் நான்தான். பெஞ்சுகள் படிக்கட்டு மாதிரி மேலே மேலே ஏறிக்கொண்டு போயின. கடைசி வரிசை ஏறக்குறைய கூரையைத் தொட்டது. பள்ளிவாசலைத் தவிர அவ்வளவு உயரமான கூரைக்குக் கீழே நான் நின்றதில்லை. பெண்கள் உட்காருவதற்காகவா இவ்வளவு பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள்? நான் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

அக்கா நேராகக் கரும்பலகைக்குப் போனாள். கீழே கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்து, கையை ஒரே சுற்றாகச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். தட்டைக் கவிழ்த்து வரைந்த மாதிரி, ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடிந்தது. நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு புர்காவின் கை நுனியால் முழுவதையும் துடைத்துவிட்டாள்.

பெரியம்மாவிடம் டேக்சாவைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இன்னாடி கையில வெள்ளையா?" என்றார். "சுண்ணாம்பு" என்றாள் அக்கா. எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். அன்று மாலை அஸர் தொழுது முடித்ததும் காம்பஸ் பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "நீ வச்சிக்கோ." எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஏன் கொடுக்கிறாள் என்று கேட்கத் தோன்றாத வயது.

அந்தப் பெட்டி இப்போது என்னிடம் இல்லை. வீடு மாறியதில் எங்கேயோ போய்விட்டது. மகளுடைய பிளாஸ்டிக் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்த மரவாசத்தைத் தேடுகிறேன்.

மறுநாள் சாப்பிடும்போது அக்கா சொன்னாள்: "அத்தா, நான் மூணாவது குரூப் எடுத்துக்கறேன்."

அத்தா கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. "மூணாவதா?"

"ஆமா அத்தா. ஏன்னா அந்தக் காலேஜ்ல..."

"எம் பொண்ணு மூணாவதா? எங்க கொற உன்கிட்ட? எந்த டீச்சர் சொன்னா? மார்க்க காட்டு. எங்கனா கீறல் இருக்குதா அதுல?" அவர் கத்தவில்லை. அதுதான் கஷ்டம். நல்ல தோலை யாரோ தெரியாமல் தேர்ட் அடுக்கில் போட்டதைப் பார்த்தது போல மனம் நொந்துபோய்க் கேட்டார். "ஷாப்பு பூரா சொல்லி இனிப்பு குடுத்துட்டேன்மா" என்றார். அக்கா சொல்லவந்த மீதி, வாயிலேயே நின்றுவிட்டது.

அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் தண்ணீர்ச் செம்பை வைத்தார். "சண்ட வேணாம். நான் இஸ்திகாரா தொழுவறேன். அல்லாஹ் காட்டட்டும்."

எது நல்லது என்று நமக்குத் தெரியாத காரியத்தில், இரண்டு ரக்அத் தொழுது, நல்லதை நீயே தேர்ந்து கொடு என்று கேட்பதுதான் இஸ்திகாரா. ஆனால் எங்கள் தெருவில் அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். தொழுதபின் கனவு வரும். கனவில் வெள்ளையோ பச்சையோ வந்தால் நல்லது, செய்யலாம். கறுப்போ சிவப்போ வந்தால் கூடாது. இது மார்க்கத்தில் சொன்னதா, தெரு சொன்னதா என்று அப்போது யாரும் கேட்டதில்லை.

விடியலில் சுப்ஹு தொழுதுவிட்டு வந்து அத்தா கேட்பார்: "இன்னா, எதனா வந்துச்சா?" அம்மா உதட்டைப் பிதுக்குவார். கடைசியில் ஒரு நாள் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"வந்துச்சு. ஸ்கூல் பெரிய டீச்சரம்மா பச்சப் பொடவ கட்டிக்கினு நிக்கிறாங்க."

"பச்ச! பாத்தியா? ஃபர்ஸ்ட் குரூப்தான்."

"இருங்க. அப்புறம் ஒரு ஆடு வந்துச்சு."

"ஆடா?"

"வந்து, அந்தப் பொடவ முந்தானைய பூரா தின்னுட்டுது."

அக்காகூடச் சிரித்துவிட்டாள். அந்த மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அத்தா மட்டும் கோபமாகத் தொப்பியை மாட்டிக்கொண்டார். "கனவுல கூட ஷாப்பு சரக்குதான் வருமா உனக்கு? பச்ச தெரிஞ்சுதுல்ல? அது போதும்."

பள்ளியில் சேர்க்கைக்குக் கடைசி நாள் நெருங்கியது. நாளை காலை மாமா அக்காவைக் கூட்டிப்போய் ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்த்துவிட்டு வருவது என்று முடிவாகிவிட்டது. அன்று பகல் நான் வழக்கம்போல அத்தாவுக்குச் சோற்றுக் கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்னாலேயே அக்கா புர்காவை மாட்டிக்கொண்டு வந்தாள். "நானும் வர்றேன்."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சின்னப் பிள்ளைகள் ஷாப்புக்குப் போகலாம். வயதுக்கு வந்த பெண் போனதாக எங்கள் தெருவில் கதைகூடக் கிடையாது. கேட்டைத் தாண்டி அவள் நடந்தபோது, தோலை ஊறவைத்துச் சுழற்றுகிற மர உருளைகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன, ஆட்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஈரத்தரையில் சாயத்தண்ணீர் நீலமாக ஓடியது. அக்கா புர்காவை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், யாருக்கும் தலையும் குனியாமல் போனாள். நான் அவள் பின்னால் கேரியரோடு ஓடினேன். சுலைமான் நபி அரண்மனையில் கண்ணாடித் தரையைத் தண்ணீரென்று நினைத்து ஆடையைத் தூக்கிக்கொண்டு நடந்த ராணியைப் பற்றி ஓதியிருக்கிறோமே, எனக்கு அந்த ராணியின் ஞாபகம்தான் வந்தது.

அத்தாவுடன் அதே மேஜையில் எதிர்ப்பக்கம் நின்று தரம் பிரிக்கிற அண்ணன் ஒருவர். சர்ச்சுக்குப் போகிறவர், வாய் ஓயாதவர். அவர்தான் முதலில் பார்த்தார். "பாய், யாரு வந்துகீறாங்க பாரு. பெரிய பாப்பாவா? வாம்மா, வாம்மா."

அத்தா திரும்பினார். முகம் சுருங்கியது. "இங்க இன்னாத்துக்கு வந்த?"

அக்கா மேஜைக்கு அருகில் போனாள். மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அங்கே பிரிக்காத தோல் குவிந்துகிடந்தது. அவள் கை தானாக மேலே இருந்த ஒன்றை எடுத்தது. இளம் பழுப்பு நிறம். பட்டுத்துணி மாதிரி அவள் கையிலிருந்து வழிந்தது.

"அத்தா, இது எந்தத் தரம்?"

எவ்வளவு கோபமிருந்தாலும் தோலை நீட்டினால் அத்தாவின் கை சும்மா இருக்காது. வாங்கினார். ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். கட்டைவிரல் கழுத்திலிருந்து வால்வரை ஒரு முறை போய் வந்தது. மடித்தார், விட்டார். ஒரு கீறல் இல்லை. அவர் முகமே இளகிவிட்டது. ஆனாலும் தரம் சொல்லவில்லை.

"எந்த ஆர்டருக்கு?" என்று கேட்டார்.

"ஷூவுக்கு."

"ஷூவுக்கா? ஐயையோ. இது மெல்லிசும்மா. ஷூ மேல வச்சு இழுத்தா பிஞ்சிடும். தேர்டு கூடத் தேறாது. கையுறைக்குன்னா சொல்லு, இதான் ஃபர்ஸ்டு. இத மாரி வராது."

"ஆர்டர் தெரியாம தரம் சொல்ல முடியாதா அத்தா?"

"எப்டிச் சொல்றது? சொன்னான்னா அவன் தொழில் தெரியாதவன்."

எதிரே நின்ற அண்ணன், "பாய், மேல ஆபீஸ்ல ஒருத்தன் அப்டித்தான் சொல்றான்" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரல் உடையவில்லை.

"என்ன மட்டும் ஆர்டர் கேக்காம ஃபர்ஸ்டுன்னு போட்டுட்டீங்களே அத்தா."

அத்தா கையிலிருந்த தோலைப் பார்த்தார்.

"எனக்கு டிகிரி வாங்கணும் அத்தா. இங்க பஸ்ல போய்ட்டு வர்ற காலேஜ்ல கணக்கு இல்ல, காமர்ஸ்தான் இருக்குது. மூணாவது குரூப் எடுத்தா அங்க போவேன். ஃபர்ஸ்ட் எடுத்தா, பன்னெண்டாவது முடிச்சிட்டு வேலூர் ஹாஸ்டல்ல தங்கணும், பசங்க படிக்கிற காலேஜ்ல படிக்கணும். என்ன அனுப்புவீங்களா?"

அத்தா பொய் சொல்ல மாட்டார். ஷாப்பில் அவரை வைத்திருந்ததே அதற்காகத்தான். அவர் நினைத்திருந்தால், "அப்போ பாத்துக்கலாம்" என்று சொல்லியிருக்கலாம். எந்தத் தகப்பனும் அதைத்தான் சொல்லியிருப்பார். அவர் ஜன்னலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"மாட்டேன்மா" என்றார். "எனக்கு அந்த தைரியம் இல்ல."

அந்த நேரத்தில் பகல் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். அத்தா அந்தத் தோலை எந்த அடுக்கிலும் போடவில்லை. மடித்து மேஜையின் நடுவில் வைத்துவிட்டு கைகால் கழுவி ஒளு செய்யப் போனார். நாங்கள் அங்கேயே நின்றோம். அண்ணன் எங்களுக்குத் தன் தூக்குவாளியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தார். தொழுதுவிட்டு, சட்டைக்கை ஈரத்தோடு வந்தார் அத்தா.

"நாளைக்கு மாமா வரவேணாம். நான் வர்றேன் ஸ்கூலுக்கு" என்றார். கேரியரைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார்.

திரும்பி வரும் வழியில் நான் கேட்டேன், "அக்கா, அப்டிக் கேக்கணும்னு எப்டி யோசிச்ச?"

"யோசிக்கல. அத்தா கிட்ட அழலாம்னுதான் போனேன்" என்றாள். "கைக்கு அந்தத் தோல் வந்துச்சு."

இத்தனை வருஷம் கழித்தும் இந்த வார்த்தைக்கு வந்தால் எனக்கு மேலெல்லாம் சிலிர்க்கிறது. அம்மா கனவில் பச்சையைத் தேடிக்கொண்டிருந்தார். அத்தாவும் ஒரு ஆட்டின் வாயிலிருந்து பச்சையைப் பிடுங்கப் பார்த்தார். இஸ்திகாராவில் ஓதி வேண்டுகிற துஆவின் அர்த்தத்தைப் பிறகு நான் உட்கார்ந்து படித்தேன். அதில் கனவு என்ற பேச்சே இல்லை. நல்லதாக இருந்தால் எளிதாக்கு, கெட்டதாக இருந்தால் அதை என்னைவிட்டுத் திருப்பு, என்னையும் அதைவிட்டுத் திருப்பு என்றுதான் கேட்கிறோம். அல்லாஹ் திருப்பினான். விடியல் கனவில் இல்லை, நட்ட நடுப்பகலில், அத்தா தினமும் கேட்கிற ஒரு கேள்வியை அவர் வாயாலேயே கேட்க வைத்துத் திருப்பினான். சுப்ஹானல்லாஹ்.

மறுநாள் அத்தா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பெரிய டீச்சரம்மா முன்னால் நின்றார். டீச்சரம்மா மார்க்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாய், இந்த மார்க்குக்கு மூணாவது குரூப்பா? எல்லாரும் ஃபர்ஸ்ட் குடுங்கன்னு அழுவாங்க. பின்னாடி வருத்தப்படப்போறீங்க."

வாழ்நாளில் நல்ல சரக்கு எதையும் தேர்ட் என்று சொல்லாத அந்த மனிதர், ஆபீசில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மூணாவதுதாம்மா. எம் பொண்ணு கேட்டது அதான்" என்றார்.

டீச்சரம்மா அக்காவிடம், "உனக்கு இஷ்டந்தானா?" என்றார். அக்கா தலையாட்டினாள். அவள் கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. சுட்டுவிரலால் உள்ளங்கையில் அவள் எதையோ சுற்றிச் சுற்றி வரைந்ததை, பின்னால் நின்ற நான் மட்டும் பார்த்தேன்.

மாமா வெகுநாள் பேசவில்லை. பேசியபோதும், "ஊரே சிரிக்குது மச்சான்" என்றார். "சிரிக்கட்டும், அவங்களுக்கும் பல்லு இருக்குதுன்னு தெரியட்டும்" என்றார் அத்தா.

அக்கா மூணாவது குரூப்பிலும் முதலாக வந்தாள். அந்தக் கல்லூரியில் பி.காம் சேர்ந்தாள். இரண்டாம் வருஷத்தில் நல்ல இடத்திலிருந்து சம்பந்தம் வந்தது, மேல்விஷாரத்தில் சொந்த வீடு, சொந்த வியாபாரம். அம்மா ஆசையில் ஆடிப்போய்விட்டார். அத்தா வந்தவர்களுக்கு டீ கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஆர்டர் இன்னும் முடியலீங்க. பாதியில எடுத்துக் குடுக்க முடியாது." அவர்கள் காத்திருந்தார்கள். அவர்கள் மகன்தான் என் மச்சான்.

எனக்கு அக்காவின் தலையும் இல்லை, அவளுடைய தைரியமும் இல்லை. பத்தாவதோடு நின்றேன். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. அக்கா நடந்ததைப் பார்த்ததே எனக்கு ஒரு படிப்பு.

பட்டமளிப்பு நாள். அத்தா, அம்மா, நான் மூவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு பெண்கள் வரிசையாக மேடை ஏறினார்கள். அக்கா பெயரைச் சொன்னபோது அத்தா எழுந்து நின்றுவிட்டார். பின்னால் யாருமில்லாததால் யாரும் உட்காரச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் பெண் அவள்.

வெளியே வந்தபோது, புங்கமரத்துக்கு அப்பால் புதிதாக ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. சாரம் கட்டி, மணல் குவித்திருந்தார்கள்.

"அது இன்னாம்மா?" என்று கேட்டார் அத்தா.

"லேப் அத்தா. அடுத்த வருஷத்துலேர்ந்து இங்க பி.எஸ்ஸி. வருதாம். மேத்ஸும் வருதாம்."

அத்தா அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் திரும்பாமலே கேட்டார்:

"உனக்குக் கணக்குதான புடிக்கும்?"

ஐந்து வருஷத்தில் அவர் அதைக் கேட்டது அன்றுதான். அக்கா அங்கியின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"புடிக்கும் அத்தா."

அவ்வளவுதான் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. அவளும் அத்தாவின் மகள்தானே. பிறகு கையிலிருந்த பட்டத்தை அவரிடம் நீட்டினாள்.

அத்தா கைக்குட்டையை எடுத்து இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு வாங்கினார். கெட்டியான காகிதம், ஓரத்தில் பொன் நிறக் கோடு. எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அதன்மேல் ஓடுகிற அந்தக் கட்டைவிரலையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. குழந்தையை ஏந்துகிற மாதிரி, இரண்டு உள்ளங்கையையும் விரித்து அதை ஏந்திக்கொண்டு நின்றார்.

அம்மா சும்மா இருக்காமல், "இன்னாங்க, இன்னா தரம்?" என்றார்.

"சும்மா இரு" என்றார் அத்தா. கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல் தோளில் துடைத்துக்கொண்டார். "இது எம் மேஜைக்கு வர்ற சரக்கு இல்ல."